மூச்சுப் பை

புளிப்பாக ஒரு கோப்பை திரவம்.
குடித்துவிட்டு அரை மணி நேரம்
சும்மா உட்காரச் சொன்னார்கள்.
பிறகு ஊதச் சொன்னார்கள்.
என் மூச்சைப் பையில் அடைத்து
மேலே சீட்டு ஒட்டினார்கள்:
விமலேஸ்வரி, நாற்பத்திரண்டு.

பன்னிரண்டு வருடமாக அதற்குக் காஸ்ட்ரிக் என்றுதான் பெயர்.
பட்டர்வொர்த்தில் ஏறி, பாலம் தாண்டி,
பாயான் லெப்பாஸ் போகும் தொழிற்சாலைப் பேருந்தில்
காஸ்ட்ரிக் இல்லாதவள் ஒருத்தி இருந்தால்
அவள் போன வாரம் சேர்ந்தவள்.
எல்லார் கைப்பையிலும் வெள்ளை மருந்து,
ஈரம் பட்ட நாலு பிஸ்கட்.
பழியெல்லாம் சம்பலுக்கு.

டாக்டர் ஊய் திரையைத் திருப்பினார்.
முறுக்கிய கம்பித்துண்டு போல ஒன்று,
பின்னால் நாலைந்து வால்.
சின்ன வயதிலேயே வந்திருக்கும்,
யார் தந்தது என்று தேடாதீர்கள் என்றார்.
பேருந்து நிறுத்தம் வருவதற்குள் தேடி முடித்திருந்தேன்:
ஒரே குவளையை வாய் வைத்துக் குடித்த ஏழு பேர்.
யாரை என்று பிடிப்பது.

அமிலத்தில் அது எப்படிப் பிழைக்கிறது?
கேட்டதற்கு மலாயில் ஏதோ விளக்கினார்.
தமிழ்ப்பள்ளி, ஐந்தாம் ஆண்டு, அறிவியல் பாடம்,
நீலமாகும் லிட்மஸ் தாள்:
காரம்.
மிளகாயின் காரமில்லை, இது வேறு.
தன்னைச் சுற்றிக் கொஞ்சம் காரம் செய்து
அதைப் போர்த்திக்கொண்டு உள்ளே நீந்துகிறதாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
நானும் அப்படித்தானே.
தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி,
கண் மட்டும் வெளியே,
ஒரு தூசி விழாத அறையில்
பன்னிரண்டு மணி நேரம் சில்லு பார்க்கிறேன்.
அத்தனை சுத்தத்துக்கும் நடுவே
என்னோடு அதுவும்
தினம் பஞ்ச் கார்டு அடித்திருக்கிறது.

பதினான்கு நாள், வேளைக்கு நாலு மாத்திரை.
நாக்கில் பத்து சென் காசை வைத்தது போல ஒரு ருசி.
குணாளன் வைத்த ரசமும் காசு, தண்ணீரும் காசு.
ஒரு மாதம் விட்டு
மறுபடி ஊதினேன்.
இல்லை என்று வந்தது.
அன்றைக்கு நாசி கண்டார் வாங்கினோம்,
குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்லி.

அடுத்த வாரம், விடிகாலை மூன்றரை,
நுண்ணோக்கிக்குக் கீழே கீறல் விழுந்த ஒரு சில்லு.
புளியேப்பம்.
அதே குரல், அதே நேரம்.

சிலருக்கு அப்படித்தான், என்றார் டாக்டர்.
கிருமி போய்விடும், வயிறு பழையபடியே இருக்கும்.
அது ஒரு காரணம்.
ஒரே காரணம் என்று நான் சொன்னேனா?

அவர் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டது நான்.
ஓவர்டைமைப் பாதியாக எழுதிய லைன் லீடர்,
குணாளனின் அண்ணன் வாங்கித் திருப்பாத எண்ணாயிரம் ரிங்கிட்,
நின்றபடி விழுங்கிய சோறு,
விழுங்கிய பேச்சு,
எல்லாவற்றையும் அந்த ஒற்றைச் சுருளின்
கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.
வயிற்றெரிச்சல் என்ற சொல்லை
நம்மவர்கள் எதற்கெல்லாம் சொல்கிறார்கள்
என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

கேண்டீனில் ஹயாத்தி கேட்டாள்:
போய்விட்டதா?
போய்விட்டது.
அப்புறம் ஏன் தடவிக்கொண்டே இருக்கிறாய்?

கையை எடுத்தேன்.
பிஸ்கட்டை உடைத்து அவளிடம் நீட்டினேன்,
நான் கடிக்காத பக்கமாகப் பார்த்து.