ஒற்று

மண்டபம் சோதனைச் சாவடியில் பேருந்தை நிறுத்தி
என் மடியிலிருந்த பெட்டியைத் தட்டினார் ஒருவர்.
"என்ன, கடல் அட்டையா?"
ரத்தம் சார் என்றேன்.
கையை எடுத்துக்கொண்டார்.

பத்தொன்பது குழாய்கள். ஜெல் பைகள் உருகிவிட்டதால்
ஐஸ் கம்பெனியில் கெஞ்சி வாங்கிய கட்டி,
சூடை மீன் வாடையோடு.
பதினோராவது குழாய் நம்புராணி.
பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான்.
ஆனாலும் தெரியும்:
ஊசிக்கு நீட்டிய கையில், விரலுக்கு விரல்,
மரிக்கொழுந்துப் பாசி பறிக்கச் சுற்றும் துணியின் தடம்.
நாலாம் மாதத்தோடு முங்குவதை விட்டுவிட்டாளாம்.
தடம் விடவில்லை.

"இதுல என்னத்தத் தேடுவீக?"
சின்ன எழுத்து. இருபத்திரண்டே எழுத்து நீளம்.
அது எதையும் கட்டாது, எதையும் ஆக்காது.
உடம்பு சொல்ல வந்த ஒரு சொல்லின்மேல் போய் உட்காரும்.
அந்தச் சொல் அதன்பின் வாய் திறக்காது.
விழித்தாள். மாத்திரை அட்டையின் பின்புறம்
'க' எழுதி, தலையில் ஒரு புள்ளி வைத்தேன்.
"ஏ, உயிரு போயிருச்சு!" என்று சிரித்தாள்,
வேதாளைப் பள்ளியில் எட்டு வரை படித்தவள்.

நஞ்சுக்கொடி என்று பெயர் வைத்திருக்கிறோம்,
பத்து மாதம் சோறு போடுவதற்கு.
முதல் பாதிக்குள் அது தாய்க்குள் வேரோடி
அவள் ரத்தக் குழாய்களை அகலத் திறக்க வேண்டும்.
சிலருக்கு வேர் பாதியில் நின்றுவிடுகிறது,
ஏன் என்று முழுசாகத் தெரியாது.
வாய்க்கால் ஊசிக் காலாகவே கிடக்க
அந்தப் பக்கம் மூச்சு முட்டுகிறது.
முட்டும்போது புள்ளி புள்ளியாக எழுதி,
கொழுப்புக் குமிழியில் மடித்து,
தாயின் ரத்தத்தில் மிதக்கவிடுகிறது.
அதில் ஒன்றுக்கு இருநூற்றுப் பத்து என்று பெயர்,
மூச்சுக் குறைந்த இடத்தில் பெருகுவது.
தாய்க்கு அதை வாசிக்கத் தெரியாது.
நாங்களே இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறோம்.

முப்பத்திரண்டாம் வாரம், ஒரு வெள்ளி.
மோதிரம் கழலவில்லை, கண்ணுக்குள் மின்மினி.
நூற்றெழுபதுக்கு நூற்றுப் பத்து.
ஆம்புலன்ஸ் உச்சிப்புளி கேட்டில் நின்றது.
ரயில் வரும்வரை
அறுபது அறுபதாக எண்ணினாளாம்,
கடலடியில் எண்ணுகிற மாதிரி.

பெண். ஒன்றே கால் கிலோ. கண்ணாடிப் பெட்டி.
எவர்சில்வர் தட்டில் மற்றது:
இருநூற்று எண்பது கிராம், ஓரமெல்லாம்
கரையில் காய்ந்த பாசியாய் வெளுத்த திட்டுகள்.
எடை போட்டு, படமெடுத்து, மூடினேன்.

முடிவு நாற்பது நாள் கழித்து மின்னஞ்சலில் வந்தது.
எண் பதினொன்று: ஆறு மடங்கு.
அப்படியென்றால் அன்றைக்கே,
மீன் ஐஸுக்கு நடுவே, என் மடியில்
அது சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

இது ஆய்வு, பரிசோதனை இல்லை.
படிவம், பத்தி நான்கு:
தனிநபர் முடிவுகள் தெரிவிக்கப்படமாட்டா.
கீழே சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

தடுப்பூசி நாளில் பிள்ளையோடு வந்தாள்.
"நான் முங்குனதுனாலயா?"
இல்லை என்றேன்.
"வேற எதுனால?"
பிள்ளையின் எடையை இரண்டுமுறை பார்த்தேன்.
இரண்டு கிலோ, நூறு.
சத்தமாக வாசித்தேன், அதையாவது.