இரண்டு விநாடி

வேலைக்குச் சேர்ந்த அன்று படிவத்தில்
'பதவி' என்ற கட்டத்தை
மூன்று முறை அடித்து அடித்து எழுதினேன்.
செவிலியர். இல்லை.
ஒருங்கிணைப்பாளர். அதுவும் இல்லை.
கடைசியில் கம்பெனியே ஒரு பேர் அனுப்பியது,
கட்டத்துக்குள் அடங்காத நீளத்தில்.
ரேஷன் கடையில் சுருக்கமாகச் சொல்கிறார்கள்:
'டிவி டாக்டர் பக்கத்துல நிக்கிற பொண்ணு.'

பள்ளத்தூரில் எங்கள் கிளினிக்
பதினேழு பங்காளிகளின் வீடு.
ஒயர் நுழையச் சுவரில் ஓர் ஓட்டை போட
ஈப்போவிலிருந்து ஒரு கையெழுத்து வர வேண்டியிருந்தது.
வந்தும் பயனில்லை.
இரண்டடிச் சுவர், சுண்ணாம்பு குடித்து இறுகியது,
திருடனுக்கே வழிவிடாதது
சிக்னலுக்கா விடும்?
வானம் திறந்த வளவின் நடுவில் மட்டும்
நான்கு கோடு.
அங்கேயே மேசை, அங்கேயே கட்டில், பச்சைத் திரைச்சீலை.
மழை வந்தால் தூணோரம் ஒதுங்குவோம்,
நோயாளியும் நானும் லேப்டாப்பும்.

டாக்டர் நஸீமா மதுரையில் இருக்கிறார்.
முன்பெல்லாம் வாரம் இரண்டு மணி நேரம்,
தருமக் கணக்கில், ஆஸ்பத்திரி முடிந்த களைப்போடு வருவார்.
இப்போது இதுதான் அவர் வேலை.
காலையில் பள்ளத்தூர், கண்டனூர்,
மதியம் நெற்குப்பை,
அப்புறம் எனக்குப் பேர் தெரியாத ஏதோ மலையூர்.
இதற்கென்று தனியாகப் படித்தார், பரீட்சை எழுதினார்.
பின்னால் குக்கர் விசில் அடித்தால்
மைக்கை அணைத்துவிட்டு மூன்று எண்ணுவார்.
'நோயாளி கண்ணைப் பார்த்துப் பேசணும்னா
கேமராவைப் பார்க்கணும் ஜெசிந்தா.
கேமராவைப் பார்த்தா
நோயாளி தெரியறதில்லை'
என்று ஒருநாள் சிரித்தார்.

அவர் குரல் இங்கே வந்து சேர இரண்டு விநாடி.
'வலிக்குதா?'
ஒன்று. இரண்டு.
'லேசாத்தான்.'
ஒன்று. இரண்டு.
அதற்குள் நான் பார்த்துவிட வேண்டும்:
கால் கட்டைவிரல் மடங்குகிறதா,
நகம் என்ன நிறம்,
மூச்சில் பழம் அழுகிய வாடையா பீடியா,
கூட வந்த மனைவி ஏன் வேறுபக்கம் திரும்பினாள்.
திரைக்குள் போகாதவை எல்லாம்
என் சம்பளத்தில் சேர்த்தி.

ஆவணியில் ஒரு செவ்வாய்.
புதுவயல் மில்லில் நெல் அவிக்கிற சாத்தையா,
புருவத்தில் உமியோடு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
'வாயுத்தா. ஒரு மாத்திரை குடுத்தாப் போதும்,
ஷிப்ட்டு கெடக்கு.'
படுக்க வைத்தேன்.
'வலப்பக்கம், கீழே. மெதுவா அழுத்துங்க ஜெசிந்தா.
இன்னும். சரி,
இப்பச் சட்டுனு கையை'

அவர் முகம் நின்றுவிட்டது.
பாதி திறந்த வாய், ஒரு கண் மூடியபடி,
கன்னம் சதுரம் சதுரமாக.
நான்கு கோடு இரண்டாகி
ஒன்றுமில்லாமல் போனது.
நான் எண்ணினேன்.
ஒன்று. இரண்டு.
இருபது.
கை அங்கேயே இருந்தது.
விரலுக்கடியில் வயிறு
வயிறுபோல இல்லை,
மில் கதவின் பலகைபோல.
சட்டென்று எடுத்தேன்.
சாத்தையா கத்தவில்லை.
கட்டில் கம்பியைப் பிடித்திருந்த முழி மட்டும்
வெளுத்தது.

எனக்கு எழுத அதிகாரம் இல்லாத சீட்டில்
எழுதினேன்.
நூற்றெட்டைக் கூப்பிட்டேன்.
சைக்கிளைப் பூட்டிச் சாவியை
அவர் சட்டைப்பையில் போட்டேன்.
காரைக்குடி ரோட்டில் சைரன் தேயும்வரை
கேட்டுக்கொண்டு நின்றேன்.

'எடுங்க' என்றது திரை.
பதினோரு நிமிடம் சேவை இல்லை
என்று கீழே ஒரு வரி.
கட்டில் காலியாக இருப்பதை நஸீமா பார்த்தார்.
'எங்கே அவரு?'
இந்த முறை தாமதம் ஒயரில் இல்லை.
'அனுப்பிட்டேன் டாக்டர்.
கையை எடுத்துப் பார்த்துட்டு.'

ஒன்று. இரண்டு.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
கண் சற்றே தாழ்ந்திருந்தது,
கேமராவில் இல்லை.
அப்படியென்றால்
என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.