மூன்று தட்டு

கடற்பக்கத்து ஒழுங்கை, வெள்ளவத்தை.
விடிவதற்குள் கண்ணாடியெல்லாம் உப்பு.
ஒரு வாளித் தண்ணி, கிழிந்த சாரம்.
சில்லுக்குக் காற்று முப்பத்தாறு.
பழக்கதோஷத்தில் பொனெட்டைத் திறக்கிறேன்:
வைப்பருக்குத் தண்ணியைத் தவிர
ஊற்ற ஒன்றுமில்லை.
லீசிங் மட்டும் இன்னும் ஐம்பத்தெட்டு மாதம்.

மழை படாமல் சார்ஜர் பிளக்குக்கு
ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து வெட்டிக்
கூரை போட்டேன்.
மேல்மாடி மிஸிஸ் ரொட்ரிகோ எட்டிப் பார்த்து,
"வனிலாவா?" என்றா.

முந்தியது இருமி இருமி ஸ்டார்ட் ஆகும்,
அவவின் பூனை அடியிலிருந்து பாயும்.
இதற்குச் சத்தமே இல்லை.
ஆகவே தினமும்
திறப்பை எடுக்குமுன்
பொனெட்டில் மூன்று தட்டு.

நான்காவதுக்குத்தான் எழும்புகிறது.
முதுகை வளைத்து
துடைக்க மறந்த நம்பர் பிளேட்டை
ஒருதரம் நக்கிவிட்டு
காலி வீதிப் பக்கம் போகிறது.