நாய் இல்லை என்றார்

வியாழன் என் துவைக்கும் நாள்.
அன்று மட்டும் துவைக்கும் அறையின் மின்சாரம்
என் கணக்கில் ஓடும்.
துணியை அப்படியே விட்டுவிட்டு
நீளக் கேபிளை நிலத்தடிக் கராஜுக்கு இழுத்தேன்,
பதினேழாம் இலக்கத்துக்கு.
பீல் நகரில் இதற்கும் ஒரு விதி இருக்கும்.
யாரும் வந்து கேட்கவில்லை.

இருபது வயதுக் கங்கூ.
பின்கதவின் உட்பக்கம், சக்கர மேட்டின் மேல்,
சாம்பல் பிளாஸ்டிக் எங்கும் வெள்ளைக் கீறல்.
குனிந்து பார்த்தால்
நான்கு நான்காக.

பாதம் பார்ப்பது என் தொழில்.
முதியோர் இல்லங்களில் நாளுக்கு ஒன்பது சோடி.
வெடிப்பு, உள்வளர்ந்த நகம்,
செருப்பு மறைத்ததைச் சொல்லிவிடும் காய்ப்பு.
ஆகவே இதையும் வாசித்தேன்:
பெரிய நாய். நகம் வெட்டிப் பல மாதம்.
இடது பக்கம் ஆழம், வலது பக்கம் வெறும் தடவல்.
வலது இடுப்பில் நோவு.
இரண்டு முறை ஏறப் பார்த்துச் சறுக்கியிருக்கிறது,
பிறகு யாரோ தூக்கிவிட்டிருக்கிறார்கள்.
அந்த உயரத்துக்கு மேலே கீறலே இல்லை.

ஆர்பெர்க்கில் வண்டியை விற்ற மொசிமான்
இரு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி சொன்னார்:
புகை இல்லை, நாய் இல்லை, விபத்து இல்லை.
நடுவில் உள்ளதை மட்டும் கொஞ்சம் வேகமாக.
கேட்காமலே நானூறு பிராங்க் குறைத்தார்.

முதலில் சிலும்பைப் பிளேடால் சீவினேன்.
பிறகு நானூறாம் இலக்க உப்புத்தாள், பிறகு எண்ணூறு,
தண்ணீர் தொட்டு, ஒரே திசையில்,
குதிகாலுக்குச் செய்வதுபோலத்தான்.
ஆழம் போனால் மனிதர் காலை இழுப்பார்.
பிளாஸ்டிக் சும்மா இருக்கும்,
அதுதான் பயம்.
தோல் மாதிரி அச்சிட்ட பொய்ச் சுருக்கம்,
அதில் மயிர்க்கால்கூட உண்டு,
ஒருமுறை வழித்தால் திரும்ப வராது.

மூன்று நிமிடத்துக்கொரு தரம் விளக்கு தானாக அணையும்.
தூண்வரை நடந்து அமுக்கிவிட்டு வரவேண்டும்.
ஏழாம் தரத்துக்குப் பிறகு போகவில்லை.
விரலுக்கு விளக்கு எதற்கு?

சூடு வைக்க மட்டும் வெளிச்சம் வேண்டியிருந்தது.
மேல்வீட்டு பெசிமிடம் கடன் வாங்கிய வெப்பத் துப்பாக்கி,
ஓரிடத்தில் நின்றால் உருக்கிவிடும்,
விசிறுவதுபோல ஆட்டிக்கொண்டே இருந்தேன்.
வெள்ளை மெல்ல உள்ளே போனது.
எதையும் பூசவில்லை.
நிறம் அதற்குள்ளேயே
இத்தனை காலமும் இருந்திருக்கிறது.

அதன் பிறகுதான் மணம்.
பிளாஸ்டிக் காய்கிற மணம் இல்லை.
மழையில் நனைந்து வந்து
உதறாமல் படுத்த ஒன்றின் மணம்.
சூடு ஏற ஏற அதுவும் ஏறி
கங்கூ நிறைந்து, கராஜுக்குள்ளும் வந்தது.

விளக்கு அணைந்தது.
துப்பாக்கியை நிறுத்தினேன்.
பின்கதவு விளிம்பில் உட்கார்ந்து
உப்புத்தாளின் சாம்பல் தூசியை
ஏனோ தட்டிவிடாமல் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை, இரண்டு தரம் எழுதி அழித்து,
மொசிமானுக்கு ஒரே வரி அனுப்பினேன்:
வலது இடுப்பில் நோவு இருந்ததா?

நான்கு நிமிடத்தில் பதில்.
இடது.
பெயர் பேரி.