சாட்சிக்கு ஆகாதவள்

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாமாம்,
வெள்ளைத்தாள் போதுமென்றார் சாம்ராஜ்.
காசு மிச்சமென்று ஷமீம்தாஜ்
ஆளுக்கொரு சர்பத் வாங்கிவந்தாள்.

காவேரிப்பட்டணம் சார்பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே
தகரக் கொட்டகை.
ஃபேன் இந்தப்பக்கம் திரும்பும்போதெல்லாம்
ஒருவருடைய பாகப்பிரிவினை பறந்துபோய்
இன்னொருவருடைய கிரயத்தின் மேல் உட்கார்ந்தது.

"எழுதாமப் போனா?" என்று கேட்டேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
"குழந்தையில்ல, வீட்டுக்காரரும் இல்ல.
அவரோட வாரிசுங்களுக்குத்தான் போகும்."
"எது?"
"உங்க மனைதான்."
"அது நான் வாங்கினது."
"நீங்க வாங்கினதுதான்."

மூணேகால் சென்ட்.
பத்தொன்பது மாங்காய் சீசன்.
கூழ் ஆலையில் ராத்திரி ஷிப்டில்
பெங்களூராவைக் கீறிக் கீறி,
காய் இல்லாத மாசமெல்லாம்
புளி தட்டிச் சேர்த்தது.
பதினாறாம் நாள் காரியத்தன்றே
மாட்டையும் மொபெட்டையும் ஓட்டிப்போன
இரண்டு கொழுந்தன்மாருக்கு
அதில் என்ன பாத்தியம் என்று
சட்டத்திடம் கேட்க எனக்கு ஆள் தெரியாது.
எழுதுங்க என்றேன்.

அடித்ததைப் படித்துக் காட்டினார்:
மாதம்மாள் ஆகிய நான்
என் சுயபுத்தியுடனும் பூரண நினைவுடனும்
யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி…
கல்யாணத்துக்கு, குழுக்கடனுக்கு,
கர்ப்பப்பை எடுக்க,
எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டிருப்பேன்.
ஒன்றிலும் இப்படி ஒரு வரி இருந்ததாக நினைவில்லை.
"நான் உயிரோடிருக்கும்வரை
இதை மாற்றவும் ரத்து செய்யவும்
எனக்கு முழு உரிமை உண்டு."
இன்னொருமுறை படிக்கச் சொன்னேன்.
படித்தார்.

"யாருக்கு?"

வாசலைப் பார்த்தேன்.
அறுந்த செருப்பு வாரில்
ஊக்கைக் குத்திக்கொண்டிருந்தாள் ஷமீம்தாஜ்.
தருமபுரி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள்
என் மூத்திரப் பையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துப் பிடித்து
வராந்தா முழுக்கக் கூட நடந்தவள்.
குரலைத் தாழ்த்திப் பேரைச் சொன்னேன்.
"உறவுமுறை?"
விரல்கள் காத்திருந்தன.
"ஏதாவது போடணுமேம்மா."
"பக்கத்து டேபிள்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்து
"உடன் பணிபுரிபவர்" என்று அடித்தார்.

வடக்கே ஓடைப் புறம்போக்கு.
தெற்கே பன்னிரண்டடி ரோடு.
கிழக்கே கோதண்டன் மனை.
மேற்கே?
மேற்கே விற்காத மனை. முள்செடி.

சாட்சிக்கு ரெண்டு பேர் என்றதும்
ஷமீம்தாஜ் ஆதாரை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.
அதற்காகவே ஒருநாள் கூலியை விட்டு வந்தவள்.
புதுப் பேனா வேறு.
"நீங்க வேண்டாம்மா" என்றார் சாம்ராஜ்.
"ஏன்?"
"நாளைக்கு கோர்ட்டுல கேள்வி வரும்."
"என் கையெழுத்துக்கா?"
என்னைப் பார்த்தாள்.
நான் மேற்கெல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஜெராக்ஸ் பையன் திலீபனும்
வரதப்பன் என்று அப்போதுதான் பேர் தெரிந்த
டீக்கடைக்காரரும் போட்டார்கள்,
அவளுடைய பேனாவை வாங்கி.

உள்ளே, மெஷினில் என் ரேகை விழவில்லை.
மாம்பால் தின்ற விரல்.
சேலையில் துடைத்துத் துடைத்து நாலுமுறை.
ஐந்தாவதாக இடது கையை வைக்கச் சொன்னார்கள்.
என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே தவிர
ஒரு வார்த்தை பேசவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும்
எனக்கு மூன்றடி முன்னால் நடந்தாள்.
"டீக்கடைக்காரன் ஆவான். நான் ஆகமாட்டேன்."
"அவரு சொன்னா நான் என்ன பண்ணட்டும்."
"யாருக்கு எழுதின? அண்ணன் மகனுக்கா?"
"ம்."
"அந்தக் குடிகாரனுக்கா?"
"ம்."

போச்சம்பள்ளி பஸ்ஸில்
இன்றைக்கு அவள் ஜன்னலுக்குச் சண்டை போடவில்லை.
சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்கு அடியில்
தாள் மடங்காமல் இருக்கிறதா என்று
ரெண்டுமுறை தொட்டுப் பார்த்தேன்.
அகரம் தாண்டினதும்
முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:
"யாருக்கோ குடுத்துத் தொலை.
முதல்ல வேலியைப் போடு.
மேற்கால முள்ளு உள்ள வருது."