இதர வருமானம்

ஒவ்வொரு மார்ச்சிலும் என் கணக்கை முடித்துத் தரும் ஃபெர்ன் டல்கிளீஷ்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்பாள்:
"பெட்ரோல் பாதியைக் குடித்துவிட்டது,
அச்சு மை கால்வாசி.
இதில் உனக்கு என்னதான் மிஞ்சுகிறது, மொரீன்?"

இறுதிச்சடங்கு நடத்தித் தருபவள் நான்.
பாதிரி இல்லை.
ஜெபம் கேட்டால் ஜெபம்,
வேண்டாமென்றால் போனவருக்குப் பிடித்த
குதிரைப்பந்தய வர்ணனை.
வின்டனிலிருந்து கடல் வரைக்கும்
எந்தச் சமையலறையில் கெட்டில் எங்கே இருக்குமென்று
எனக்குத் தெரியும்.

போன ஜூலையில் ஹூக்ஸ்ட்ரா வீடு.
மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு மகன், அந்தப் பக்கம் ஒரு மகன்,
நடுவே யாரும் தொடாத பிஸ்கட்.
"சொல்ல என்ன இருக்கிறது," என்றார் மூத்தவர் மர்ரே.
"ஐம்பது வருஷம் மாடு கறந்தார்.
பேச்சு குறைவு. எழுதிக்கொள்ளுங்கள்."
எழுதிக்கொண்டேன்.
பிறகு பேனாவை மூடிவிட்டுச் சும்மா இருந்தேன்.
இந்தத் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான்.

கெட்டில் கொதித்து அடங்கியது.
இளையவர் பீட்டர் பிஸ்கட்டைப் பார்த்தபடியே சொன்னார்:
"கீழ்க்குட்டை ஒருமுறை உறைந்துபோனது.
எனக்குப் பத்து வயசிருக்கும்.
விடிகாலை நாலு மணி. கொட்டகையில் விளக்கு எரிகிறது,
அப்பாவைக் காணோம்.
போய்ப் பார்த்தால்
பனிமேல் சறுக்கிக்கொண்டிருக்கிறார்,
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு,
கறக்கும்போது கட்டுகிற ஏப்ரனோடு.
நான் யாரிடமும் சொல்லவில்லை."

மர்ரே எழுந்து ஜன்னலுக்குப் போனார்.
"வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன்," என்றார்.
"நானும் சொல்லவில்லை."

முப்பத்தெட்டு வருஷம்.
ஒரே இருட்டில், இருபதடி தள்ளி இரண்டு பையன்கள்,
ஒருவன் இருந்தது மற்றவனுக்குத் தெரியாமல்.

ஃபெர்ன், இதை எந்தக் கட்டத்தில் எழுதுவாய்?

எல்லாம் இப்படி அமைவதில்லை.
மார்ஜரியை ஒருமுறை மார்கரெட் என்று சொல்லிவிட்டேன்,
சவப்பெட்டியின் முன்னாலேயே.
ஆறு வருஷமாகியும்
நடுராத்திரியில் என்னை எழுப்பி உட்காரவைக்கிறாள் மார்ஜரி.

அதனால்தான் பெயர் விஷயத்தில் இந்தப் பயம்.
ஊர் அவரை 'வெப்' என்றது.
பால் லாரிக்காரனுக்கு வெப், பௌல்ஸ் கிளப்பில் வெப்,
ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் கட்டிய பட்டையில்கூட.
ஃப்ரீஸ்லாந்தில் இருக்கும் அவர் அக்காவைத் தொலைபேசியில் பிடித்தேன்.
ஔக்யெ, தொண்ணூற்றொரு வயது.
"வீபெ," என்றார்.
நான் சொன்னேன்.
"இல்லை. வீபெ. கடைசி எழுத்தைப் போட்டு உடைக்காதே,
முட்டையை வைப்பதுபோல் வை."
மறுநாள் மண்டபம் வரைக்கும் காரில் சொல்லிக்கொண்டே போனேன்.
வேலியோரம் ஆடுகள் தலைதூக்கிப் பார்த்தன.

நூற்றுப் பதினாலு பேர், ஈரக் கோட்டு வாசனை.
மூலையில் ஒரு திரை, திரையில் ஔக்யெ.
அங்கே விடிகாலை மூன்று மணி,
முத்துமாலை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வீபெ ஹூக்ஸ்ட்ரா," என்றேன்.

முன்வரிசையில் ஒருவர், தவறான மண்டபத்துக்கு வந்துவிட்டோமோ என்று
பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.
திரையில் அந்த அம்மாள்
தலையை ஒரே ஒருமுறை அசைத்தார்.

பிறகு குட்டையைப் பற்றிச் சொன்னேன்.
பின்னால் யாரோ உரக்கச் சிரித்து,
சிரித்ததற்காக வாயைப் பொத்தி,
பொத்திய கையோடு அழுதார்கள்.

கிளம்பும்போது மர்ரே உறையைத் தந்தார்.
சீஸ் ரோல் ஒரு டஜன், தேநீர்த் துண்டில் சுற்றி,
இன்னும் சூடாக.
"துண்டைத் திருப்பித் தர வேண்டாம்," என்றார்.
அதை இன்னும் எந்த வேலைக்கும் எடுக்கவில்லை நான்.

ஃபெர்ன் பேனாவோடு காத்திருக்கிறாள்.
"பூஜ்யம் என்று போடு," என்கிறேன்.

குளிர்காலக் காலைகளில் அந்தச் சாலையில் போனால்
வண்டியை மெதுவாக்கி
கீழ்க்குட்டையைப் பார்க்கிறேன்,
உறைந்திருக்கிறதா,
ஒரு ஆளைத் தாங்குமா என்று.