லூ யார்

என் கைபேசியில் எழுத ஐந்து விசை போதும்.
ஒன்று, படுத்த கோடு. இரண்டு, நிற்கும் கோடு.
மூன்று, இடப்பக்கம் சரிவது. நான்கு, புள்ளி.
ஐந்து, போகிற வழியில் மனம் மாறித் திரும்புவது.
ஒலியை வைத்துத் தட்டுகிறவர்கள் பள்ளிக்குப் போனவர்கள்.
மலையில் நாங்கள் பேசியது வேறு பேச்சு.
ஜோஷான் துறைமுகத்தில் மீன் அறுக்கையில்
மேஸ்திரி திட்டினால் எனக்குப் பாதிதான் புரியும்.
அது ஒரு வகையில் நல்லது.

எழுத்துகளை நான் படமாகத்தான் பிடித்தேன்
பேருந்துப் பலகையில், மருந்துச் சீட்டில்,
உறைபெட்டியில் ஒட்டிய காகிதத்தில்.
முகத்தை வைத்து ஆளைத் தெரிந்துகொள்வதில்லையா, அப்படி.
எந்தக் காலை முதலில் எடுத்து வைத்து வந்தாய் என்று
வந்தவரை யாராவது கேட்பார்களா?

கைபேசி கேட்கிறது.
வரிசை பிசகினால்
வரவேண்டிய எழுத்து வராது,
வேறு யாரோ வந்து நிற்பார்கள்.

சிங்ஹாயில் மலையைக் குடைகிறான் தெங்.
இன்றைக்கு நாலு மீட்டர் போனோம் என்பான்,
மறுநாள் தண்ணீர் வந்துவிட்டது என்பான்.
வசந்த விழாவுக்கு நாற்பது நாள் இருக்கும்போது
எப்போது திரும்புவாய் என்று கேட்க உட்கார்ந்தேன்.
திரும்புவது சுலபமான எழுத்து,
பெரிய பெட்டிக்குள் ஒரு சின்னப் பெட்டி.
இரண்டு ஐந்து ஒன்று, பெரியது முடிந்தது.
இரண்டு ஐந்து ஒன்று, சின்னதும்.
கையுறை கழற்றிய விரல் விறைத்துப்போயிருந்தது,
சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

அரை மணி கழித்துக் கேட்டான்:
லூ யார்?

பெட்டிமேல் பெட்டி வைத்தால் லூ.
யாரோ ஒரு குடும்பத்தின் பெயர்.
‘எப்போது லூ’ என்றல்லவா போயிருக்கிறது.
லூ இல்லை, என்று எழுதினேன்.
இல்லையென்றால் எங்கே போனான், என்றான்.
மறுபடி தட்டினேன், மறுபடி அவரே வந்தார்.
மூன்று முறை லூ.
அதன்பின் பதில் இல்லை.
குரலில் அழைத்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே.

பான் யுன்தோவுக்குக் காது கேட்காது.
என் பக்கத்து மேசையில் நின்று
கணவாயின் ஓட்டை ஒரே இழுப்பில் உருவுவாள்.
அவள் பேச்செல்லாம் உள்ளங்கையில்தான்.
விரல் கடந்துபோனால் தோலில் மிச்சம் ஏதுமில்லை,
எது முந்தி எது பிந்தி என்பதுதான் அங்கே எழுத்து.
சாப்பாட்டு வேளையில் அவள் கையை இழுத்து
எழுதிக் காட்டினேன்: திரும்பு.
அவள் புருவத்தைத் தூக்கி
வெந்நீர்க் குழாயருகே நின்ற ஐஸ் லாரி ஓட்டுநரைக் காட்டினாள்.
அவர் பெயர் லூ என்று
அன்றுதான் எனக்குத் தெரியும்.

விஷயம் விளங்கியதும் சத்தமில்லாமல் சிரித்தாள், தோள் குலுங்க.
பிறகு மேசைமேல் மீன் தண்ணீரில்
ஒரு சுவர், கூரையும் மறு சுவரும்
என்று இழுத்துவிட்டு நிறுத்தினாள்.
தரையில்லாத வீடு.
அதற்குள் சின்னப் பெட்டியை நிதானமாக வைத்தாள்.
கடைசியில்தான் அடிக்கோடு.
ஆள் உள்ளே வரட்டும்,
அப்புறம் கதவைச் சாத்து, என்று
கையால் சாத்திக் காட்டினாள்.

இத்தனை நாள் நான்
கதவைத் தாழிட்டுவிட்டு
வா வா என்று கூப்பிட்டிருக்கிறேன்.

இரண்டு ஐந்து.
பொறு.
இரண்டு ஐந்து ஒன்று.
இப்போது ஒன்று.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது:
‘இருபத்தெட்டாம் தேதி. உட்கார இடம் கிடைக்கவில்லை,
நின்றுகொண்டே வருகிறேன்.
அது போகட்டும், அந்த லூவை இனி என்ன செய்வது?
எட்டு ராத்திரி அவனோடு சண்டை போட்டிருக்கிறேன்.
தங்கப் பல் கட்டிவிட்டேன்,
மோட்டார் சைக்கிள்கூட வாங்கிக் கொடுத்துவிட்டேன்.’

விடிகாலையில் ஐஸ் லாரி பின்னோக்கி வரும்போது
நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.
பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.
பல்லெல்லாம் சொந்தப் பல்.
வேலை முடிந்தால் நடந்தேதான் போகிறார்.